லீவு நாளில் பிள்ளைகளுக்குச் சோறு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஓகஸ்ட் லீவு நெருங்குகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லீவு நாட்களில் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்பதைப் பற்றித்தான். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவிச்சியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் அடுப்படிகளில் என் கண்ணால் கண்டதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கோயில் இளைஞர் மன்றம் சார்பாக ஓகஸ்ட் லீவில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க நினைத்திருக்கிறோம். 80 பிள்ளைகள் இருக்கிறார்கள். சேர்ந்த பணம் எல்லோருக்கும் எல்லா நாளும் கொடுக்கக் காணாது. 'ரொம்பக் கஷ்டப்பட்ட 30 பேரைத் தெரிவுசெய்து கொடுங்கள்' என்கிறார்கள் பெரியவர்கள். எப்படித் தெரிவு செய்வது, மிஸ்?
— மன்றச் செயலாளர், நோர்வூட்

பதில்: தம்பி, தெரிவே செய்யாதீங்க. பணம் காணாவிட்டால் நாளைக் குறையுங்கள், பிள்ளையைக் குறைக்காதீர்கள். கிழமைக்கு ஐந்து நாள் முடியாதென்றால் மூன்று நாள் போடுங்கள். அந்த மூன்று நாளும் தோட்டத்தில் இருக்கிற எந்தப் பிள்ளை தட்டோடு வந்து நின்றாலும் சோறு கிடைக்கட்டும். கங்காணி வீட்டுப் பிள்ளை வந்தாலும் போடுங்கள், கிளாக்கர் ஐயா வீட்டுப் பிள்ளை வந்தாலும் போடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பட்டியல் என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். 2022 ஞாபகமிருக்கும். அந்த செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று கொழும்பில் கணக்குச் சொன்னார்கள். நமக்கு அந்தக் கணக்கு கோதுமை மா விலையில் தெரிந்தது. அந்த நாட்களில் ஒரு தோட்டத்துக்கு வெளியிலிருந்து உலர் உணவுப் பொதி வந்தது. கோயில் முன்றலில் மைக் கட்டி, பட்டியலில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் படித்த பிள்ளை ஒன்று, தன் அம்மா பெயரைக் கூப்பிட்டதும் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அவளுடைய தம்பிதான் போய் வாங்கி வந்தான். அந்தப் பொதி அரிசியில் ஆக்கிய சோற்றை அந்தப் பிள்ளை தொடவே இல்லை என்று தாய் கிளினிக்கில் வைத்து என்னிடம் அழுதாள். வளர்கிற வயசு, அதுவும் பெரிய மனுஷியாகி இரத்தம் குறைந்திருந்த பிள்ளை. அவளுக்கு வேண்டிய சோறுதான் அது. அவமானம் வந்து குறுக்கே நின்றுவிட்டது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பட்டியல் போடுகிறவர் லயத்துக்கு வெளியே நின்று பார்த்துத்தான் முடிவு செய்வார். கூரையில் டிஷ் அண்டெனா இருந்தால் 'இவர்களுக்கு என்ன குறை' என்பார். தகப்பன் பேர் பதிந்த தொழிலாளி என்றால் தள்ளிவிடுவார். அந்த வீட்டில் நகை அடகில் இருப்பதும், சம்பளத்தில் கடன் கழிந்து மிச்சம் இவ்வளவுதான் என்பதும், பத்து நாளாகப் பிள்ளைகள் வெறும் ரொட்டியில் இருப்பதும் அவருக்கு எங்கே தெரியப் போகிறது? அதோடு தொழிற்சங்கப் பிரச்சினை வேறு. அந்தச் சங்கத்து ஆளுக்குக் கொடுத்தார்கள், இந்தச் சங்கத்து ஆளை விட்டார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் உங்கள் மன்றம் உடைந்து போகும். எல்லோருக்கும் பொதுவாகப் போட்டால் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. பசியில்லாத பிள்ளைகள் இரண்டு மூன்று நாளில் தாமாகவே குறைந்துவிடும். அதையும் பார்த்திருக்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். தாய்மார் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்தில் அடுப்பும் தண்ணீரும் இருக்கும். நலன்புரி உத்தியோகத்தர் மூலம் தோட்ட முகாமையாளரான துரையிடம் கேட்டு அனுமதி வாங்குங்கள். எழுத்தில் கேளுங்கள். பொது சுகாதாரப் பரிசோதகருக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர் வந்து தண்ணீரையும் பாத்திரத்தையும் பார்த்துப் போவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. உங்கள் தோட்டத்தில் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்று இரண்டு இருந்தால் இரண்டு இடத்தில் ஆக்குங்கள். கீழ்ப் பிரிவில் ஆக்கி, மேல் பிரிவுப் பிள்ளைகளை நடந்து வரச் சொன்னால், அட்டைக் கடியோடு இரண்டு மைல் இறங்கி ஏற எத்தனை பிள்ளை வரும்? சின்னதுகள் வராது. சின்னதுகளுக்குத்தான் முதலில் வேண்டும்.

80 பேருக்கு 6 கிலோ அரிசி, பெரிய பிள்ளைகள் அதிகமென்றால் 8 கிலோ வரை. 2 கிலோ பருப்பு. நெத்தலிக் கருவாடு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. அதைத் தலையோடு முள்ளோடு வறுத்துப் போடுங்கள், முள்ளில்தான் சுண்ணாம்புச் சத்து. பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் எது அகப்பட்டாலும் ஒரு கீரை. கிழமைக்கு ஒரு நாளாவது முட்டை. சோறு ஆக்கி இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடித்துவிட வேண்டும். காலையில் ஆக்கி மூடி வைத்த சோறு பின்னேரம் வயிற்றைக் கலக்கும்.

சமைக்கிற பெண்களுக்குக் கூலி கொடுங்கள். இதை மறந்துவிடாதீர்கள். 'நம்ம பிள்ளைகளுக்குத்தானே' என்று சொல்லி, வாரம் முழுக்கக் கொழுந்து எடுக்கிற தாய்மாரை இந்தச் சுமைக்கும் இழுக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பேர் இல்லாத பெண்கள், வேலையிலிருந்து விலகிய பெரியம்மாக்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. இரண்டு பேருக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் கூலிக் கணக்கில் பணம் வையுங்கள். அதற்காக ஒரு நாள் சாப்பாடு குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: நான் கொழுந்து எடுக்கிறவள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனால் மத்தியானம்தான் வீட்டுக்கு வருவேன். மகன் ஆறாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூட நாளில் மகளுக்கு அங்கே சாப்பாடு. லீவு விட்டால் இரண்டு பேரும் காலையில் சுட்டு வைத்த ரொட்டியும் தேத்தண்ணியுமாக இருப்பார்கள். நான் வந்துதான் சோறு ஆக்க வேண்டும். வேறு என்ன செய்யலாம்?
— ஒரு தாய், லிந்துலை

பதில்: தங்கச்சி, முதலில் அந்த ரொட்டியையும் தேத்தண்ணியையும் பிரித்து வையுங்கள். சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணிச் சாயம், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாமல் தடுக்கும். ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். தேயிலையிலேயே பிழைக்கிற நமக்குத் தேத்தண்ணி இல்லாமல் ரொட்டி இறங்காது என்பது தெரியும். பிள்ளைகளுக்கு வெந்நீரைப் பழக்குங்கள். பக்கத்தில் கொய்யா மரம் இருந்தால் ஒரு பழம் கொடுங்கள், அது இரும்பை உள்ளே இழுக்கும்.

ரொட்டி மாவைப் பிசையும்போது ஒரு முட்டையை உடைத்துப் போடுங்கள். லீக்ஸ் இலையையோ வல்லாரையையோ பொடியாக அரிந்து சேர்க்கலாம். இரவு படுக்கும்போது ஒரு சுண்டு கடலை அல்லது கௌப்பி ஊற வைத்துக் காலையில் அவித்து மூடி வைத்துவிட்டுப் போனால், பத்து மணிப் பசிக்கு இரண்டு பேருக்கும் ஆகும். இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக் கொண்டு சாப்பிடுவது நம் பாட்டிமார் செய்ததுதான். வெறும் ரொட்டியை விட வயிற்றில் நிற்கும்.

ஒன்று மட்டும் வேண்டாம். நீங்கள் இல்லாத நேரம் மகளை அடுப்புப் பற்ற வைக்க விடாதீர்கள். லயத்து அடுப்படி எவ்வளவு இருட்டு, விறகு எங்கே அடுக்கியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எட்டு வயசுப் பிள்ளை தம்பிக்குத் தேத்தண்ணி போடப் போய்ப் பட்ட தீக்காயத்துக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். உங்கள் லயத்தில் வேலைக்குப் போகாத ஒரு பெரியம்மா இருந்தால், ஐந்து வீட்டுக்காரர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் அரிசியும் பருப்பும் கொடுத்து, பதினொரு மணிக்கு ஒரு பானை ஆக்கச் சொல்லுங்கள். மன்றமும் வேண்டாம், துரையும் வேண்டாம். அவர் கையிலும் ஏதாவது கொடுங்கள்.

கடிதத்தில் பிள்ளைகள் சாப்பிடுவதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரியும் இல்லை. கூடை சுமந்து மலை ஏறுகிற உடம்பு, தங்கச்சி. பிள்ளைகளுக்குப் போட்டது போக மிஞ்சினால் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த என் தம்பி மகன், அங்கே கோடை விடுமுறையில் நூலகத்திலும் பூங்காவிலும் பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு கொடுப்பதாகச் சொன்னான். அவ்வளவு பணக்கார நாட்டில் அது தேவைதானா? உண்மையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்

பதில்: உண்மைதான், சேர். அது 1968இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1975இல் தனித் திட்டமானது. அந்த நாட்டு விவசாயத் திணைக்களம் பணம் கொடுக்கிறது. பாடசாலை, நூலகம், தேவாலயம், பூங்கா என்று பல இடங்களில் சாப்பாடு. 18 வயது வரைக்கும் எந்தப் பிள்ளையும் போகலாம். பணக்கார நாட்டிலும் பாடசாலைச் சாப்பாட்டை நம்பியிருக்கிற பிள்ளைகள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பாடசாலை பூட்டினால் அந்தச் சாப்பாடும் நின்றுவிடும், அவ்வளவுதான் காரணம்.

எனக்கு அதில் பிடித்தது அவர்கள் இடத்தைத் தெரிவு செய்கிற முறை. ஒரு பகுதியில் பாதிப் பிள்ளைகளாவது பாடசாலையில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ சாப்பிடத் தகுதியானவர்கள் என்றால், அந்தப் பகுதியில் திறந்த இடம் ஒன்றை நடத்தலாம். அதற்குப் பிறகு அங்கே வருகிற பிள்ளையிடம் விண்ணப்பமும் கேட்பதில்லை, தகப்பன் சம்பளமும் கேட்பதில்லை. நோர்வூட் தம்பிக்கு நான் மேலே சொன்னதும் இதுதான். நம் தோட்டங்களில் இப்படிக் கணக்குப் பார்த்தால் எந்தத் தோட்டம் வெளியே நிற்கும், சொல்லுங்கள்.

அவர்களுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. சாப்பாட்டை அந்த இடத்திலேயே இருந்து சாப்பிட வேண்டும் என்பது சட்டம். கிராமப்புறத்தில் தூரம் அதிகம், வாகனம் இல்லை, பிள்ளைகள் வரவில்லை. பாடசாலை நாட்களில் சாப்பிடுகிற பிள்ளைகளில் ஒரு சிறு பகுதிதான் விடுமுறையில் வந்து சாப்பிட்டது. அதனால் 2023 முதல் கிராமப்புறங்களில் சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டு போகவும், வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவும் இடம் கொடுத்தார்கள். 2024இல் இருந்து இன்னொரு திட்டமும் உண்டு; அதில் சேர்ந்த மாநிலங்களில், தகுதியான பிள்ளை ஒன்றுக்குக் கோடைக்கு 120 டொலர், உணவு வாங்க மட்டும் அட்டையில் போடுகிறார்கள். மேல் பிரிவு, கீழ்ப் பிரிவுத் தூரம் அங்கேயும் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தியாவிலும் பாருங்கள். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது.

நம் நாட்டில் 2024இல் பாடசாலை உணவு 1ஆம் தரத்திலிருந்து 5ஆம் தரம் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிவாக்கப்பட்டது. ஏறக்குறைய 16 இலட்சம் பிள்ளைகள். பெரிய காரியம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அது பாடசாலை நடக்கிற நாட்களுக்கு. ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் என்று மூன்று தவணை லீவும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நுவரெலியா, பதுளை மாவட்டத் தோட்டங்களுக்காவது அந்த மூன்று லீவிலும் பிள்ளை மடுவ அடுப்பை மூட்ட அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும். மாகாண சபையாக இருந்தாலும் அமைச்சாக இருந்தாலும் நம் பிரதிநிதிகள் இதைக் கேட்க வேண்டும். நீங்கள் படித்தவர், நாலு பேரைச் சேர்த்துக் கொண்டு ஒரு மகஜர் எழுதுங்கள், சேர். நானும் கையெழுத்து வைக்கிறேன்.

கேள்வி: தகப்பன்மார் சம்பளத்தைச் சாராயக் கடையில் கொடுக்கிறார்கள். நாம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டால் அவர்கள் பொறுப்பை இன்னும் மறந்துவிடுவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் குள்ளமாக இருப்பதும் பரம்பரைதானே, சோற்றால் மாறுமா?
— முன்னாள் கணக்கப்பிள்ளை, பசறை

பதில்: ஐயா, குடி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சம்பள நாள் இரவில் எந்தெந்தக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்து வைத்திருந்தவள் நான். ஆனால் தகப்பன் குடித்த குற்றத்துக்கு ஏழு வயசுப் பிள்ளையின் வயிற்றைக் காயப்போடுவது எந்த நியாயம்? குடிக்காத வீடுகளும் எத்தனையோ இருக்கின்றன. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350 ஆனது. எடுக்க வேண்டிய கொழுந்து நிறுவை எட்டாத நாளில் அரைப்பேர், அதாவது பாதிக் கூலிதான். மழையில் வேலை கொடுக்காத நாளில் அதுவும் இல்லை. நீங்களே செக்ரோல் எழுதியவர், இது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

குள்ளம் பரம்பரை என்பதை மட்டும் தயவுசெய்து இன்னொருவரிடம் சொல்லாதீர்கள். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டப் பகுதியில் 31.7 வீதம். தாயின் வயிற்றில் இருக்கும்போதும் முதல் இரண்டு வயதிலும் கிடைக்காத சாப்பாடும், அடுக்கடுக்காக வருகிற வயிற்றோட்டமும் சளியும்தான் பெரும்பாலும் அந்த உயரத்தைத் தின்கின்றன. கர்ப்பத்திலேயே நன்றாகச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளை அதே லயத்தில் நான் நிறை பார்த்திருக்கிறேன், உயரம் அளந்திருக்கிறேன். அவர்களும் அதே பரம்பரைதான்.

கேள்வி: அப்பாவின் திவசத்துக்குத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் பக்கற்றும் இனிப்புப் பால் பக்கற்றும் கொடுக்க விருப்பம். எத்தனை பெட்டி எடுக்கலாம்?
— கடை உரிமையாளர், தலவாக்கலை

பதில்: உங்கள் மனசு நல்ல மனசு. அதே பணத்துக்குப் பருப்பும் முட்டையும் நெத்தலியும் எடுத்து, லீவில் ஆக்குகிற ஏதாவது ஓர் அடுப்புக்குக் கொடுங்கள். பிஸ்கட் அன்றைக்குப் பின்னேரமே முடிந்துவிடும். நீங்கள் கடைக்காரர், மொத்த விலைக்கு எடுக்கலாம். ஒரு மாதத்துக்கு அந்த அடுப்புக்கு வேண்டிய பருப்பை வாங்கிய விலைக்கே கொடுப்பேன் என்று சொன்னாலும் அது பெரிய தானம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பக்கற்றோடு படம் எடுத்துப் போடுவதை மட்டும் தவிருங்கள்.

கேள்வி: எங்கள் அடுப்புக்கு அக்காமாரோடு மூன்று வயசுப் பிள்ளைகளும் வருகின்றன. ஒரு பிள்ளை மிகவும் மெலிவு. அதே சோற்றைக் கொடுக்கலாமா?
— பிள்ளை மடுவப் பொறுப்பாளர், இராகலை

பதில்: கொடுங்கள், காரம் குறைத்து, பருப்பும் சோறும் நன்றாகக் குழைத்து, ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டு. ஆனால் அந்த மெலிந்த பிள்ளையை இந்தக் கிழமையே கிளினிக்குக்கு அனுப்புங்கள். நிறை, உயரம் பார்க்க வேண்டும். வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்கியிருந்தால் மருத்துவிச்சி திரிபோஷாச் சத்துமா எழுதிக் கொடுப்பார். அது அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்று தாயிடம் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் பங்கு போட்டால் யாருக்கும் உதவாது. இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ, சாப்பிடவே மறுத்தாலோ கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓகஸ்டில் எங்கள் பக்கம் மழை விடாது. விறகு நனைந்துவிடும், பிள்ளைகளும் வரமாட்டார்கள். என்ன செய்வது?
— மாதர் சங்கத் தலைவி, மஸ்கெலியா

பதில்: விறகை ஜூலை முதல் கிழமையிலேயே வெட்டி, பிள்ளை மடுவத்துக்குள் அடுக்கிவிடுங்கள் அக்கா. தோட்டத்தில் முறிந்து விழுந்த மரம் இருந்தால் வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லித்தான் எடுக்க வேண்டும், பிறகு பிரச்சினை வரக்கூடாது. பெருமழை நாளுக்கென்று ஒரு கேஸ் சிலிண்டரைத் தனியாக வையுங்கள். அன்றைக்குச் சோறு, கறி என்று பார்க்காமல் அரிசி, பருப்பு, கரட், கீரை எல்லாம் ஒரே பானையில் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, மூடியுள்ள வாளியில் ஊற்றி லயத்துக்கு லயம் கொண்டு போங்கள். பெரிய பையன்களில் இரண்டு பேரை அதற்கென்றே பிடித்து வையுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். ஊவாப் பக்கத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நிலைமை எதிர்மாறு. ஓகஸ்டில் உங்கள் ஊற்று வற்றிவிடும். சமைக்கவும் தட்டுக் கழுவவும் வேண்டிய தண்ணீருக்குப் பிரதேச சபை பவுசரை லீவு தொடங்க முன்பே எழுதிக் கேட்டு வையுங்கள்.